தண்ணீர் நிற்கும்வரை மூடியைத் தொடாதே

போன வாரம் உன் தம்பி சேகர் விழுப்புரத்துக்கு வந்து என் வீட்டு மணியை அடித்தான். கதவைத் திறந்ததும் அவன் முகத்துக்கு முன்னால் வாடைதான் உள்ளே வந்தது. எனாமல் பெயிண்ட், அதன்மேல் மண்ணெண்ணெய். கையைச் சரியாகத் துடைக்காமல் திண்டிவனத்திலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். நக இடுக்கெல்லாம் சிவப்பு. நான் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். மூச்சு வெளியே போனது, திரும்ப உள்ளே வரவில்லை.

"இன்னாண்ணே, ஒடம்பு சரியில்லியா?"

"பெயிண்ட் வாசனை எனக்கு ஒத்துக்காது."

"அண்ணன் சொல்லிக்கினே இருப்பாரு, வாத்தியாருக்கு எதுவுமே ஒத்துக்காதுன்னு." சிரித்துக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தான்.

செத்த பிறகும் உன் நக்கல் என் வீட்டுக்குள் வந்து சோபாவில் உட்காருகிறது, பார்த்தாயா.

அழைக்கத்தான் வந்திருந்தான். ஷெட்டில் நீ செய்த நீர்மூழ்கிமேல் கிடந்த தார்ப்பாயை எடுத்துவிட்டானாம். துருவைச் சுரண்டி, ரப்பர்களை மாற்றி, பெயிண்டும் அடித்தாகிவிட்டதாம். "ஞாயித்துக்கெழம காலைல பூஜ போட்டு எறக்குறோம்ணே. அதே குவாரிதான். இந்த தபா நான் ஒண்டிதான் உள்ள போறேன். நீங்க வந்து கரையில நிக்கணும். அண்ணனோட கப்பல்ல போன ஆளு நீங்க ஒருத்தர்தானே."

நீயும் அதைக் கப்பல் என்றுதான் சொல்வாய். நீர்மூழ்கி என்றால் மனைவி பேரைச் சொல்லி அடிக்க வருவாய். "மூழ்கின்னு சொன்னா வசந்தா சோறு போட மாட்டாடா."

நான் சேகரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். கீழே போன பிறகு ஏதாவது கோளாறானால் என்ன செய்வாய்?

"பேசாம குந்திக்கினு இருப்பேன். அண்ணன்தான் சொல்லியிருக்காரே. அன்னிக்கு நீங்க பயந்துகினு வால்வத் தொறக்காம இருந்திருந்தா, தானா மேல வந்திருக்குமாம்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே, எல்லாருக்கும் பயம் வரத்தான் செய்யும்" என்றான்.

அவன் போன பிறகு அந்த வாடை போகவில்லை. ஜன்னல்களைத் திறந்தேன். மின்விசிறியைப் போட்டேன். பிறகு மொட்டை மாடிக்குப் போய் நின்றுகொண்டேன்.

நாம் இருவரும் ஒரே வகுப்பில் மெக்கானிக்கல் படித்தவர்கள். முதல் வகுப்பில் தேறிய நான் ஒரு தனியார் கல்லூரியில் போய்ச் சிக்கினேன். துறைத்தலைவர் நாற்காலி எனக்கு வரவேண்டிய வருடம் தாளாளரின் மருமகன் எங்கிருந்தோ வந்து அதில் உட்கார்ந்தான். இன்றைக்கும் அவனுக்கு நான் வணக்கம் சொல்வதில்லை. நீ அரியர் பேப்பர்களை அப்படியே விட்டுவிட்டு, திண்டிவனத்தில் உன் அப்பாவின் ஷெட்டுக்குப் போனாய். தண்ணீர் லாரிக்கு டேங்க், அரிசி ஆலைக்குக் கொதிகலன். ஊரே உன்னை இன்ஜினியர் என்றது. என்னை வாத்தியார் என்றது. இதைக்கூட நான் மறக்கவில்லை என்று நீ சிரிப்பாய். சிரி.

வெளிநாட்டில் யார் யாரோ வீட்டுக் கொட்டகையில் சின்ன நீர்மூழ்கிகளைச் செய்து ஏரியில் இறக்குவதை நீ யூடியூபில் பார்த்ததுதான் ஆரம்பம். "கொதிகலன் உள்ளருந்து வெளிய தள்ளும். இது வெளியருந்து உள்ள தள்ளும். அவ்ளோதான வித்தியாசம்?" என்று கேட்டாய். அவ்வளவு வித்தியாசம்தான் ஆளைக் கொல்லும் என்று நான் சொன்னேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து, தகட்டின் கனம், வளையங்களின் இடைவெளி, மொத்த எடை, அது விலக்கும் நீரின் எடை எல்லாவற்றையும் உனக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். கல்லூரியில் ஒருவனும் என்னைக் கேட்காத கேள்விகளை நீ கேட்டாய். அந்த மாதங்களைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை.

தப்பிக்கும் வழிகளைப் பற்றி நீ பேசிய அளவுக்கு மோட்டாரைப் பற்றிக்கூடப் பேசியதில்லை. "எறங்குறதுக்கு மூள வேணாம்டா, கல்லு கூட எறங்கும். ஏறத்தான் வழி வேணும்." மூன்று வழிகள் வைத்தாய். பக்கத் தொட்டிகளில் இருக்கும் தண்ணீரைச் சிலிண்டர் காற்றால் வெளியே தள்ளினால் மிதந்து மேலே வரும். அது நடக்காவிட்டால், அடியில் ஒரே போல்ட்டில் தொங்கும் இரும்புக் கட்டையை உள்ளிருந்தே கழற்றிவிட்டால், பாரம் குறைந்து மேலே வரும். அதுவும் நடக்காவிட்டால் மூன்றாவது.

மூன்றாவதை நீ முதன்முதலில் சொன்னபோது, மறுபடியும் சொல் என்றேன். தலைக்கு மேலே இருப்பது வட்ட மூடி. ஆழத்தில் அதன்மேல் நிற்கும் தண்ணீர், சரக்கேற்றிய மினி லாரி ஒன்று நிற்பதற்குச் சமம். எத்தனை பேர் சேர்ந்து தள்ளினாலும் திறக்காது. திறக்க வேண்டுமென்றால் நாமே ஒரு வால்வைத் திருகித் தண்ணீரை உள்ளே விட வேண்டும். தண்ணீர் ஏற ஏற உள்ளே இருக்கும் காற்று நசுங்கும். நசுங்கி நசுங்கி, ஒரு கட்டத்தில் உள்ளும் புறமும் ஒரே அழுத்தமாகும். தண்ணீர் தானாக நின்றுவிடும். அப்போது மூடியைத் தள்ளினால் கதவு போலத் திறக்கும். அதுவரை கழுத்துவரை தண்ணீரில், இருட்டில் காத்திருக்க வேண்டும்.

"தண்ணி நிக்கற வரைக்கும் மூடியத் தொடாத. தெம்ப வீணாக்காத." கண்ணைத் துண்டால் கட்டி, ஷெட்டில் இரண்டு நாற்காலிகளை முன்னும் பின்னுமாகப் போட்டு இதை எத்தனை முறை செய்யவைத்தாய். கை தானாக வால்வுக்குப் போகும்வரை விடமாட்டாய். பிறகு ஓமந்தூரில் உன் மாமனார் நிலத்துக் கிணறு. அழுத்தத்தில் சுவாசித்த காற்று மேலே வரும்போது விரியும். வாயை மூடிக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும். "கத்திக்கினே வாடா. காத்த வெளிய உட்டுக்கினே வா." நாம் கிணற்றடியிலிருந்து மாறி மாறி ஆவென்று கத்திக்கொண்டு மேலே வருவதைக் கேட்டு, மல்லாட்டைக் கடலைக்குக் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். "இன்னா சார், ரெண்டு பேருக்கும் ஒரே பேயா?" என்று ஒருத்தி கேட்டாள். நீ தண்ணீரை வாரி அவள்மேல் இறைத்தாய்.

தண்ணீர் தேங்கிய அந்தக் குவாரிக்குக் கொண்டுபோன காலை உனக்கு ஞாபகம் இருக்குமா? செத்தவர்களுக்கு என்ன ஞாபகம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. முந்தின நாள்தான் உள்ளும் வெளியும் சிவப்பு எனாமல் அடித்திருந்தீர்கள். பூஜைக்குப் புதுசாக இருக்க வேண்டுமே. உள்ளே காயவே இல்லை. மூடியைத் திறந்தாலே கண் எரிந்தது. கிரேன் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், மாலை, சூடம், மேளம். ஊர்ப் பாதி பேர் பாறை விளிம்பில் நின்றிருந்தார்கள். முதல் தடவையாவது கிரேன் கயிற்றைக் கழற்றாமல் இறங்கலாம் என்று நான் உன் காதோடு கெஞ்சினேன்.

"கயித்தோட எறங்குனா வாளின்னு சொல்லுவானுங்கடா" என்றாய். கயிறு கழன்றது.

ஜன்னல் கண்ணாடியில் முதலில் பச்சை. பிறகு பாசி நிறம். பிறகு உன் டார்ச் ஒளியில் மிதக்கும் தூசு மட்டும். ஒரு தென்னை மர உயரத்துக்கும் மேல் இறங்கிப் பாறைத் தரையில் மெல்ல உட்கார்ந்தோம். நீ முன்னால், மூடிக்கு நேர் கீழே. நான் பின்னால், முழங்கால்களை மடக்கிக்கொண்டு. மேலே மேளம் அடிப்பது துளிகூடக் கேட்கவில்லை. "பாத்தியா, பாத்தியா?" என்று நீ சிறுபிள்ளை போலக் கேட்டுக்கொண்டிருந்தாய். மோட்டாரின் அச்சுத்தண்டு நுழையும் இடத்தில் தண்ணீர் கசிந்து என் குதிகாலை நனைத்தது. சொன்னேன். "சரி, ஏறலாம்" என்று காற்றைத் திறந்தாய்.

பெரிய இரைச்சல். கண்ணாடிக்கு வெளியே வெள்ளை வெள்ளையாகக் குமிழிகள் மேலே ஓடின. நாம் அசையவில்லை. வெளியே தொட்டிக்குப் போகும் காற்றுக்குழாய் கழன்றுபோயிருந்தது. தொட்டிக்குள் போகவேண்டிய காற்றெல்லாம் குவாரிக்குள் போனது. குமிழியைப் பார்த்து மேலே விசில் அடித்தார்களாம், கப்பல் வருகிறது என்று.

நீ பதறவில்லை. சாவியை எடுத்து இரும்புக் கட்டையின் போல்ட்டைக் கழற்றினாய். அது லேசாகக் கழன்று உன் கையோடு வந்தது. கட்டை விழவில்லை. குதிகாலால் தரையை உதைத்தாய். "உழும்டா, உழும்." இன்னும் உதைத்தாய். பிறகு நிறுத்திவிட்டாய். உன் பிடரி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது அப்படியே உறைந்துபோனது.

"சேகரு டேக் அடிச்சுட்டான்" என்றாய், மிக மெதுவாக.

உங்கள் ஷெட்டின் வழக்கம் அது. லாரியில் ஏற்றும் எந்தப் பொருளிலும் ஆடக்கூடிய பாகம் ஒன்று இருந்தால், வேகத்தடையில் குலுங்கி விழாமல் இருக்க இரண்டு பொட்டு வெல்டிங் வைப்பீர்கள். அதற்கு டேக் என்று பெயர். போய்ச் சேர்ந்ததும் சுத்தியலால் தட்டி உடைத்துவிடுவீர்கள். டேங்க் ஏணிக்கும், கொதிகலன் கதவுக்கும் வருடக்கணக்காகச் செய்துவந்த வேலை. அன்றைக்கு அந்தப் பொட்டின்மேல் பூஜை பெயிண்ட் ஏறிவிட்டது. கறுப்பு வடு தெரியவில்லை. தட்டவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நமக்கும்தான்.

இதன் பிறகு நடந்ததை நாம் இருவரும் ஒருபோதும் பேசவில்லை.

மூன்றாவது வழிதான் மீதி இருந்தது. நான் வால்வுக்குக் கையை நீட்டினேன். நீ திரும்பி என் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாய். "வேணாம்டா. மேல இருந்து வருவானுங்க. இரு." யார் வருவார்கள்? மேலே இருந்த எவனுக்கும் கிணற்றாழத்துக்குமேல் முங்கத் தெரியாது. சொன்னேன். நீ விடவில்லை. உன் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. "நீ பேசாம இரு, காத்து இருக்குது, இருடா, இரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். பெயிண்ட் வாடையில் எனக்குத் தலை சுற்றியது. தண்ணீர் கணுக்காலில் இருந்தது. நீ அழுதாய். வசந்தாவின் பெயரைச் சொல்லி அழுதாய். எனக்குத் துண்டு கட்டிப் பாடம் எடுத்தவன், மூன்று வழிகளையும் தன் கையால் செய்தவன், வால்வைத் தொட மறுத்தான்.

நான் தைரியசாலி இல்லை. உன்னைவிட எனக்குத்தான் பயம் அதிகம். அந்த இருட்டில் இன்னொரு நிமிடம் இருக்க முடியாது என்ற பயம்தான் உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது. வால்வைத் திருகினேன்.

தண்ணீர் அடிவயிற்றில் குத்துவது போல வந்தது. காது வலித்தது. காற்று திடீரென்று சூடாகி, மூக்குக்கண்ணாடி முழுவதும் பனி மூடிற்று. டார்ச் எங்கோ விழுந்து தண்ணீருக்கடியில் எரிந்தது. இடுப்பு, மார்பு, தோள். ஏறிக்கொண்டே இருந்தது. நிற்கும் என்று கணக்குப் போட்டவன் நான்தான். அந்தக் கணக்கை எத்தனையோ பேருக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். தாடைக்கு வந்தபோது அந்தக் கணக்கை நான் நம்பவில்லை. முகத்தை மேலே தூக்கி, மூடியின் அடிவிளிம்பில் உன் கன்னமும் என் கன்னமும் உரச நின்றோம். நின்றது. தண்ணீர் நின்றுவிட்டது.

மூடியைத் தள்ளினோம். மிச்சமிருந்த காற்று ஒரே மூச்சில் மேலே ஓடிவிட்டது. தலைக்குமேல் முழுவதும் தண்ணீர். உன்னை இடுப்பைப் பிடித்துத் தூக்கி வெளியே தள்ளினேன். உன் கால் என் முகத்தில் உதைத்தது, கண்ணாடி போயிற்று. நான் நிரம்பிய அந்தப் பெட்டிக்குள் தனியாக இருந்தது எவ்வளவு நேரமோ தெரியாது. துவாரம் எங்கே என்று கையால் தடவினேன். சுவர். மறுபடியும் சுவர். பிறகு விளிம்பு. அதன் பிறகு ஆவென்று கத்திக்கொண்டு வெளிச்சத்தை நோக்கிப் போனேன்.

நீ முதலில் வெளியே வந்தவன். கைகளைத் தூக்கினாய். மேளம் அடித்தார்கள். நான் பின்னால் வந்து, பாறையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். அதைத்தான் ஊர் பார்த்தது.

கிரேன் அதைத் தூக்கிவந்த அன்று, யாரும் கிட்டே வருவதற்குமுன் நீயே கிரைண்டரை எடுத்து அந்த இரண்டு பொட்டுகளையும் அறுத்ததை நான் பார்த்தேன். "அவன்கிட்ட சொல்லாதடா. தாங்க மாட்டான்" என்றாய். சரி என்றேன். தம்பியைக் காப்பாற்றினாய், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஊர் காரணம் கேட்டது. டேக் இருந்த இடத்தில் நீ என்னைப் பற்றவைத்தாய். "வாத்தியாரு பயந்துட்டாருப்பா. நான் இருங்கறேன், இவரு வால்வத் தொறந்து உட்டுட்டாரு. நல்ல கப்பல முழுகடிச்சிட்டாரு." டீக்கடையில், கல்யாண வீட்டில், என் மாணவர்கள் முன்னால்கூட. என் பற்கள் அடித்துக்கொண்டதாக நடித்துக் காட்டுவாய். அது உன் பற்கள். ஒவ்வொரு முறையும் சிரிப்பு வாங்கினாய். நான் திண்டிவனம் வருவதை நிறுத்தினேன். நீ ஏன் என்று கேட்கவே இல்லை.

ஒரு கல்யாணத்துக்கு விழுப்புரம் வந்த இடத்தில் உனக்கு நெஞ்சு வலித்தது. புதுச்சேரிக்குக் கொண்டுபோகும் வழியில், கண்டமங்கலம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. அந்த மண்டபத்திலிருந்து என் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். காலையிலிருந்து அங்கே இருந்திருக்கிறாய். வரவில்லை. இதையும் நான் கணக்கில் வைத்திருக்கிறேன்.

சேகர் வந்துபோன மறுநாள் பஸ் ஏறினேன். ஷெட் வாசலில் அது நின்றது, அதே சிவப்பு. பக்கத்தில் போவதற்கே கால் வரவில்லை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அடியில் குனிந்து பார்த்தேன். இரும்புக் கட்டையைச் சுற்றி முழுவதும் வெல்டிங். பொட்டு இல்லை, கோடு. நான்கு பக்கமும்.

"ஆடிக்கினே இருந்துதுண்ணே. ஃபுல்லா அடிச்சுட்டேன். இனிமே ஜென்மத்துக்கும் உழாது" என்றான் சேகர் பெருமையாக.

உள்ளே எட்டிப் பார்த்தேன். வால்வு இருந்த இடத்தில் தகடு வைத்து அடைத்திருந்தான்.

"இது?"

"அது இன்னாத்துக்குண்ணே தேவையில்லாத ஓட்ட? அதான அன்னிக்குப் பேஜாரு பண்ணுச்சு. நானும் பயத்துல கைய வச்சுட்டா? அதான் கையே வைக்க முடியாத மாதிரி பண்ணிட்டேன்."

உன் கதையையே கேட்டுக்கொண்டிருந்தவன் அதை நம்பி, மேலே வரும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்திருக்கிறான். நாம் இருந்த பெட்டியில் கடைசியாக ஒரு கதவாவது இருந்தது. இதில் அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் காற்றுக்குழாய் மறுபடி கழன்றுவிட்டால், அவன் இதற்குள் உட்கார்ந்து, காற்று தீரும்வரை, தானாக மேலே வரும் என்று காத்திருப்பான். அங்கேயே ஒரு டிரம்மின்மேல் உட்கார்ந்தேன். வசந்தா வேகவைத்த மல்லாட்டையைத் தட்டில் கொண்டுவந்தாள். "எத்தன வருஷமாச்சுண்ணா நீங்க வந்து" என்றாள்.

அவள் நிற்கும்போதே சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். என் மணிக்கட்டை நீ பிடித்ததை, அழுததை, உன் விரல்களை நான் பிரித்ததை. சேகர் முதலில் சிரித்தான். பிறகு எழுந்து நின்றான்.

"செத்தவரு எழுந்து வந்து இல்லன்னு சொல்ல மாட்டாருன்ற தைரியமாண்ணே? ஒங்களுக்கு எங்க அண்ணன் மேல காண்டு. ஊருக்கே தெரியும்."

"இருக்கு. இல்லேன்னு சொன்னேனா? காண்டு இருக்கறவன் சொல்றதாவே இருக்கட்டும். அந்தக் கட்டை அன்னிக்கு ஏன் விழல, அதை மட்டும் யோசிச்சுப் பாரு. அடியில டேக் இருந்துச்சு. மேல பெயிண்ட் இருந்துச்சு."

அவன் வாய் திறந்தபடி நின்றது. கண் மெல்லக் கீழே இறங்கி, தன் கையைப் பார்த்தது.

"யாருண்ணே அடிச்சது?"

அந்தக் கேள்விக்காக நான் வருடக்கணக்காகக் காத்திருந்தவன். ஒரே வார்த்தையில் என் மானம் எனக்குத் திரும்பியிருக்கும். வாய் வரவில்லை. அவனுக்கும் பதில் தேவைப்படவில்லை. போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டான்.

வசந்தாதான் பேசினாள், தட்டைக் கீழே வைக்காமலே. "குளிக்கப் போனா கதவத் தாப்பாப் போட மாட்டாரு சேகரு. அன்னியிலருந்து சாவற வரைக்கும். நான் வெளிய நின்னுக்கினு இருக்கணும். பேசிக்கினே இருக்கணும். பேச்ச நிறுத்துனா ஜல்தி வெளிய வந்துடுவாரு, சோப்போட. இன்னாய்யா உனக்குன்னு கேட்டா, காத்து வரலன்னுவாரு." என் பக்கம் திரும்பினாள். "அண்ணா சொல்றது நெஜம்தான்."

பஸ் ஏறி விழுப்புரம் வந்தேன். வரும் வழியெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தேன். சேகர் நம்பினானா, கோபத்தில் இன்னும் வீம்பாக இறங்கிவிடுவானா என்று தெரியவில்லை. ஞாயிறு நெருங்க நெருங்கச் சோறு இறங்கவில்லை. அவனுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். சனிக்கிழமை மத்தியானம் அவனே கூப்பிட்டான்.

"அண்ணே." ஒரே மூச்சில் சொன்னான். "உள்ள உக்காந்து மூடிய மூடிப் பாத்தேண்ணே. தரையிலதான், நம்ம ஷெட்டுலதான். வெளிய பசங்கள நிக்க வச்சுட்டுத்தான். லைட்ட அணைச்சேன். காலுல தண்ணி இருக்கற மாதிரியே நெனச்சுப் பாத்தேன்."

"அப்புறம்?"

"முடியலண்ணே. மூடியத் தட்டுனேன். அவனுங்க வெளையாடறேன்னு நெனச்சுக்கினு தொறக்கல. கத்துனேன். பயமா இருக்குண்ணே. நாளைக்கு நீங்க வர வேணாம். எதுவும் இல்ல."

போனை வைத்த பிறகு சமையலறையில் நின்று ஒரு சொம்புத் தண்ணீரை முழுவதும் குடித்தேன். ஒரு மனிதனின் பயத்தைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

இப்போது நீ கேட்பாய், என் மானத்தை வாங்கிவிட்டாயே, திருப்திதானே என்று. திருப்தி இல்லை. கோபமும் குறையவில்லை. பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்றை நான் அவர்களிடம் சொல்லவில்லை. தண்ணீர் நின்ற பிறகு, மூடியைத் தள்ளுவதற்குமுன், நம் இருவரின் தலைக்கும் மட்டுமே இடம் மிஞ்சிய அந்தக் காற்றில் நீ பேசினாய். அழுகை நின்றிருந்தது. "நீ மொதல்ல போடா, நான் நவுந்துக்கறேன்" என்றாய். நகர இடமே இல்லை. நீ மூடிக்கு நேர் கீழே இருந்தாய். உன்னைத் தாண்டி நான் போக முயன்றால் இருவருமே சிக்கியிருப்போம். அதனால்தான் உன்னைத் தூக்கினேன். ஆனாலும் நீ சொன்னாய். உன் உடம்பு முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தபோது சொன்னாய். பற்கள் அடித்துக்கொண்டிருந்ததால் அந்தச் சொற்கள் துண்டு துண்டாக வந்தன.

அதைச் சொல்லியிருந்தால் சேகர் அதை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பான். எங்கள் அண்ணன் கடைசியில் தைரியமாக இருந்தார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குவாரிக்குப் போயிருப்பான். அவனுக்கு உன் பயம் மட்டும் போதும் என்று விட்டுவிட்டேன்.

வசந்தாவிடமாவது ஒருநாள் சொல்ல வேண்டும். சேகர் அந்தக் கப்பலை வெட்டி எடைக்குப் போட்டுவிட்ட பிறகு. அதுவரை அந்தச் சொல் என்னிடம் இருக்கட்டும்.